ஓவியம் ஏறிய பனியன்

பனியன் ஊரின் கதை – 19

1963 ஜூனில் நியூயார்க்கில் ஜெரார்ட் மலங்கா என்ற இளைஞர் ஒரு வேலைக்குச் சேர்ந்தார். கூலி மணிக்கு 1.25 டாலர். அன்றைய அமெரிக்காவில் அது குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய தொகை. வேலை கொடுத்தவர் ஆண்டி வார்ஹால். மலங்கா கவிதை எழுதுபவர்தான். ஆனால் வார்ஹாலுக்கு வேண்டியிருந்தது அவருடைய கவிதை இல்லை, கை. கழுத்துப்பட்டைத் துணிகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் அடித்துப் பழகிய கை அது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன்மேல் ஊற்றிய சாயம், ரப்பர் பட்டை பதித்த கட்டையால் ஒரே சீராக ஒரு இழுப்பு. துணிப் பட்டறையில் கற்ற அந்த இழுப்புதான் அடுத்த சில ஆண்டுகளில் வார்ஹாலின் கேன்வாஸ்களில் எலிசபெத் டெய்லராகவும் மர்லின் மன்றோவாகவும் பதிந்தது.

1964-இல் அடிக்கப்பட்ட மன்றோ படங்களில் ஒன்று 2022 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 195 மில்லியன் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். இருபதாம் நூற்றாண்டின் எந்த ஓவியமும் அதுவரை ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. படத்தின் மூலம்கூட வார்ஹால் எடுத்ததன்று. 1953-இல் வந்த 'நயாகரா' திரைப்படத்தின் விளம்பரத்துக்காக ஸ்டுடியோ எடுத்த புகைப்படம் அது. நடிகையின் புகழ், ஓவியரின் புகழ், துணி அச்சடிப்பவனின் கைத்திறன் என்று மூன்று சேர்ந்து உருவான பொருளில் விலையாக மாறியவை முதல் இரண்டுதான்.

திருப்பூரின் கதையில் நியூயார்க்குக்கு என்ன வேலை? அந்த வலைச்சட்டமும் ரப்பர் கட்டையும் இன்று இந்த ஊரில் நூற்றுக்கணக்கான பட்டறைகளில் இருக்கின்றன. வார்ஹால் செய்ததும் இங்கே ஷிப்டுக்கு ஷிப்டு நடப்பதும் தொழில்நுட்பத்தில் ஒன்றே. உலகின் புகழ்பெற்ற ஓவியங்கள் சாதாரண மனிதர்களின் கண்ணில் அதிகம் படுவது அருங்காட்சியகச் சுவரிலா, டி-ஷர்ட்டின் மார்பிலா என்று கேட்டால் எந்தக் கடைவீதியும் பதில் சொல்லிவிடும். பனியன் துணி கடந்த 40 ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய ஓவியப் பரப்பாகிவிட்டது. அந்தப் பரப்பில் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது, பெயர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் இந்த ஊரின் வரலாறு முழுமை பெறாது.

1925-இல் பின்னலாடை இயந்திரம் வந்த நாளிலிருந்து அரை நூற்றாண்டு காலம் திருப்பூர் என்றால் வெள்ளை உள்பனியன்தான் என்பதை முந்தைய பகுதிகளில் பார்த்தோம். 1978 வாக்கில் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் தேடி வந்ததும் வெள்ளை டி-ஷர்ட்டைத்தான். ஐரோப்பியக் கடைகள் நேரடியாக ஆர்டர் கொடுக்கத் தொடங்கிய எண்பதுகளில் நிறம் வந்தது, நிறத்தின் பின்னாலேயே படமும் வந்தது. வெற்றுச் சட்டைக்கும் படம் போட்ட சட்டைக்கும் துணி ஒன்று, தையல் ஒன்று. ஆனால் கடையில் விலை வேறு. அந்த வித்தியாசம் ஆர்டர் தரும் பையருக்குப் புரிந்த அன்று ஊரில் பிரிண்டிங் தனித் தொழிலானது.

பட்டறைக்குள் வேலை இப்படி நடக்கும். டி-ஷர்ட்டைத் தைத்து முடித்தபின் படம் போடுவதில்லை, கட்டிங் முடிந்த முன்பக்கத் துண்டில்தான் பெரும்பாலும் அடிப்பார்கள். பையரிடமிருந்து ஆர்ட்வொர்க் வரும். அதைக் கணினியில் நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். ஆறு நிறம் என்றால் ஆறு ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி பட்டால் இறுகும் பசையைத் தடவி, பிலிமை வைத்து ஒளி காட்டிக் கழுவினால், அந்த நிறம் விழ வேண்டிய இடம் மட்டும் வலையில் திறந்துகொள்ளும். முதலில் ஒரு மாதிரி அடித்து அனுப்ப வேண்டும். அதன் பெயர் ஸ்ட்ரைக்-ஆஃப். பான்டோன் எண்ணோடு நிறத்தை ஒப்பிட்டுப் பையர் சரி சொன்ன பிறகே மொத்த வேலை. நீண்ட மேசையில் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஃபிரேமைத் தூக்கி வைத்து, இழுத்து, தூக்கி, அடுத்த துண்டுக்கு நகர்வார்கள். சிவப்பு மேசை முழுக்க ஓடிய பிறகு மஞ்சள், அதன் பிறகு கறுப்பு. ஒரு நிறம் அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் செக்கிங்கில் துண்டு திரும்பி வரும். கடைசியில் ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் கியூரிங். பெரிய கம்பெனிகளில் இப்போது தானியங்கி இயந்திரங்கள் சுழல்கின்றன. சிறு பட்டறைகளில் இன்றும் கைதான்.

அந்த மேசையில் விழுவது கார்ட்டூன் எலியாக இருக்கலாம், ராக் இசைக்குழுவின் சின்னமாக இருக்கலாம், ஏதோவோர் ஓவியனின் மண்டையோடாகவும் இருக்கலாம். கூலி நிறங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, படத்தின் அளவைப் பொறுத்தது, சாயத்தின் வகையைப் பொறுத்தது. வரைந்தவரின் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயருக்கான பணம் உரிமத்தொகையாக வேறு வழியில், வேறு ஊருக்குப் போகிறது. பட்டறைக்காரரின் பில்லில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரான ஒன்றைத் தமிழ்நாட்டு ஓவியர்கள் 60 ஆண்டுகளுக்கு முன்னால் செய்து காட்டினார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் பிறந்த ஊர், இங்கிருந்து 50 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் கோயம்புத்தூர்.

கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் அங்கே பிறந்தார். 18 வயதிலேயே குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தந்தித் துறையில் வேலைக்குப் போனவர். அதை விட்டுவிட்டுச் சென்னை அரசு கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு 25 வயது. அங்கே தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். இவ்வளவு உயரத்துக்கு வந்தபிறகும் பணிக்கரை உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் திறமையான பிள்ளைகள் வெளியே போகிறார்கள். போய் என்ன ஆகிறார்கள்?

அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை வாங்க ஆளில்லை என்றே சொல்லலாம். பம்பாயில் ஆலை முதலாளிகளும் பார்சி குடும்பங்களும் வெளிநாட்டவரும் வாங்கினார்கள், டெல்லியில் தூதரகங்கள் இருந்தன. சென்னையில் வெளிநாட்டுப் பயணி யாராவது வந்தால் உண்டு. பிள்ளைகள் விளம்பரக் கம்பெனிக்குப் போனார்கள், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ஆனார்கள், இல்லாவிட்டால் வாங்குகிறவர் விரும்பும் விதமாக மாமல்லபுரத்தையும் மீனவப் பெண்ணையும் வரைந்துகொண்டிருந்தார்கள். கடைசி வழிதான் ஆபத்தானது என்று பணிக்கர் நினைத்தார். வயிற்றுக்காக ஓவியத்தை வளைத்தவன் மறுபடி அதை நிமிர்த்துவது கடினம்.

அவர் கண்ட வழி துணி வழியாக வந்தது. கலைக் கல்லூரியில் கைவினைப் பிரிவுகள் தொடக்கத்திலிருந்தே உண்டு. உருகிய மெழுகால் கோடு போட்டுச் சாயத்தில் முக்கி எடுக்கும் பாத்திக் வேலையில் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம் என்று நிறங்கள் அடுக்கடுக்காக ஏறும். மெழுகு வெடித்த இடத்தில் நரம்பு நரம்பாகச் சாயம் இறங்கி ஒரு தனி அழகு வரும். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்தத் துணிகளைக் கண்காட்சியில் வைத்தபோது ஓவியத்தைத் திரும்பிப் பார்க்காத கூட்டம் துணியை வாங்கியது. திரைச்சீலை, சேலை, சுவரில் மாட்டும் துணி என்று விற்றுத் தீர்ந்தது. ஓவியர்கள் கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். விற்ற பணத்தில் ஒரு பகுதி பொதுவில் சேர்ந்தது. அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது.

அப்போது அங்கே மணற்பரப்பைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. ஏறத்தாழ 40 கலைஞர்கள் சேர்ந்திருந்தார்கள். குடிசை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், பி. கோபிநாத், வி. விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன், ஹரிதாசன், கே. ராமானுஜம், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் என்று இந்திய நவீன கலையின் பெரிய பெயர்களில் பல அந்த மணலில் முளைத்தவை. பகலில் சில மணி நேரம் பாத்திக், உலோக வேலை, பீங்கான். அது சோற்றுக்கு. மீதி நேரம் ஓவியம். அதில் யாருக்கும் எந்தச் சமரசமும் செய்ய வேண்டியதில்லை. படம் விற்றால் மகிழ்ச்சி, விற்காவிட்டால் அடுப்பு அணைந்துவிடாது.

இந்த ஏற்பாட்டின் அருமையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பணமே வேண்டாம் என்று ஒதுங்கிய துறவிகள் அல்லர் அவர்கள். பணம் எங்கிருந்து வர வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று இடம் பிரித்து வைத்தார்கள். சந்தையின் சுமையைத் துணி தாங்கியது. அதனால் ஓவியம் சுமையில்லாமல் நடந்தது. பணிக்கரே தம்முடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை இந்தக் காலத்தில்தான் வரைந்துகொண்டிருந்தார். எண்கள், சோதிடக் கட்டங்கள், மலையாள எழுத்தைப் போன்ற கிறுக்கல்கள் நிறைந்த படங்கள் அவை. வரவேற்பறைக்கு அழகு சேர்க்கும் படம் தேடி வருகிறவர் அவற்றை வாங்கிப் போயிருக்க மாட்டார். அந்த வரிசையால்தான் அவர் பெயர் நிலைத்தது.

ஆனால் அந்தக் கிராமத்தாலும் எல்லாரையும் காப்பாற்றிவிட முடியவில்லை. ராமானுஜத்தின் கதை வலிக்கும். பேசத் திணறியவர், மனநோயால் துன்பப்பட்டவர், உலகம் கேலி செய்தபோதெல்லாம் பணிக்கரின் நிழலில் ஒதுங்கியவர். மாடகூடங்கள், நாகங்கள், சிறகுள்ள உயிர்கள், நடுவில் தொப்பி போட்ட ஒரு மனிதன் என்று கறுப்பு மையில் அவர் கட்டிய கனவு நகரங்களுக்கு இந்தியக் கலையில் இணை கிடையாது. சென்னை கன்னிமாரா ஓட்டலுக்குப் பெரிய சுவரோவியமும் செய்தார். 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். உயிரோடிருந்தபோது சொற்பத் தொகைக்குக் கைமாறிய அவருடைய கோட்டோவியங்களுக்காக இன்று ஏல நிறுவனங்களில் போட்டி நடக்கிறது. ஒரு படம் கைமாறும்போதெல்லாம் விற்றவருக்கு லாபம், ஏலம் போட்டவருக்குக் கமிஷன். வரைந்தவனுக்கு அதில் ஒரு காசும் போய்ச் சேர வழியில்லை.

சோழமண்டலம் தனி அதிசயம் இல்லை. துணி இந்திய ஓவியத்துக்குச் சோறு போட்ட இடங்கள் வேறும் உண்டு. ஐம்பதுகளின் நடுவில் மத்திய அரசு தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. கே.ஜி. சுப்ரமணியன் பம்பாயில் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தார். பிரபாகர் பர்வே காசி மையத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில்தான் தன் ஓவிய மொழியைக் கண்டடைந்தார். கொங்குச் சீமையிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1956-இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான 'சிட்ரா'வின் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன், பருத்தி நூலின் தரத்தை அளந்த அதே கையால் நாவல் எழுதினார், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவர் பெயரிலான அறநிலையம் அவினாசி சாலையில் நடத்தும் கலைக்கூடமும் நெசவு அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உள்ளூர் ஓவியருக்குப் பெயரும் பணமும் இல்லாமலேயே தன் படத்தை மாட்டிப் பார்க்க ஒரு சுவர் கிடைத்தது. ஆலைகள் அத்தனை எழும்பிய பகுதியில் இப்படிப்பட்ட சுவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே எழும்பின என்பது வருத்தம்தான்.

அதே காலத்தில் மேற்கே பணமும் புகழும் ஓவியத்தை வேறு திசையில் இழுத்தன. இதில் பனியன் துணிக்கு நேரடிப் பங்கு உண்டு.

1979 வாக்கில் ழான்-மிஷேல் பாஸ்கியா என்ற கறுப்பின இளைஞர், வயது இருபதைத் தொடாதவர், நியூயார்க் தெருக்களில் கையால் வண்ணம் பூசிய சட்டைகளையும் தபால் அட்டைகளையும் விற்றுக்கொண்டிருந்தார். ஸ்வெட்ஷர்ட்டுகளுக்கு அவர் வைத்த பெயர் 'மேன் மேட்'. சாப்பாட்டுக்கு வழி செய்யத் துணியில் வரைந்தவர் என்ற வகையில் அவரும் ஈஞ்சம்பாக்கத்து ஓவியர்களும் ஓரினம். வேறுபாடு அடுத்த கட்டத்தில் வந்தது. அவரைச் சுற்றி நிலமும் சங்கமும் இல்லை, கேலரிகள் இருந்தன. மூன்றே ஆண்டுகளில் உலகப் புகழ். ஓவியத்தின் ஈரம் காயும் முன்பே வாங்கிப் போக ஆள் நின்றார்கள். 1988-இல், 27 வயதில், போதைமருந்தால் இறந்தார்.

1982-இல் அவர் வரைந்த பெயரிடப்படாத மண்டையோட்டு ஓவியம் ஒன்று 1984-இல் ஏலத்தில் 19,000 டாலருக்குப் போனது. அதே ஓவியம் 2017 மே மாதம் சதபீஸ் ஏலத்தில் 110.5 மில்லியன் டாலருக்கு விற்றது; 700 கோடி ரூபாய்க்கு மேல். வாங்கியவர் ஜப்பானின் யூசாக்கு மாயசாவா. அவருடைய செல்வம் எதிலிருந்து வந்தது என்பது திருப்பூர் வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. இணையத்தில் ஆயத்த ஆடை விற்கும் 'ஸோஸோ' நிறுவனத்தை உருவாக்கியவர் அவர். சட்டை விற்ற பணம்தான் அந்த மண்டையோட்டை வாங்கியது. பாஸ்கியாவின் கிரீடமும் மண்டையோடும் உரிமம் பெற்று உலகமெங்கும் டி-ஷர்ட்டுகளில் இன்று விற்கின்றன. ஏல விலை ஏற ஏற டி-ஷர்ட்டுக்கு மவுசு கூடுகிறது. டி-ஷர்ட் பரவப் பரவ அந்தப் பெயர் வீடுதோறும் தெரிந்த பெயராகி, ஏலத்தில் கை தூக்குபவர்கள் பெருகுகிறார்கள்.

கீத் ஹேரிங்கின் வழி இன்னும் வெளிப்படையானது. சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் ஒட்டாத கறுப்புத் தாள்களில் சாக்பீஸால் வரைந்து புகழ்பெற்றவர் அவர். தன் ஓவியங்களின் விலை ஏறியதும், அவற்றை ரசித்த தெருக்காரர்களால் வாங்க முடியாமல் போனதைக் கண்டார். 1986 ஏப்ரலில் நியூயார்க்கில் 'பாப் ஷாப்' என்ற கடையைத் திறந்து தன் படங்களை டி-ஷர்ட்டிலும் பேட்ஜிலும் அடித்து விற்றார். கலையைக் கடைச்சரக்காக்கிவிட்டார் என்று விமர்சகர்கள் சாடினார்கள். எய்ட்ஸ் நோயால் 1990-இல் 31 வயதில் இறப்பதற்கு முன் ஓர் அறக்கட்டளை அமைத்தார். அவர் படங்களுக்கான உரிமத்தொகை இன்றும் எய்ட்ஸ் பணிக்கும் குழந்தைகள் நலனுக்கும் போகிறது. பனியனில் ஏறியதால் மட்டுமே கலை தாழ்ந்துவிடாது என்பதற்கு ஹேரிங் சாட்சி. அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கயிற்றை அவர் தன் கையில் வைத்திருந்தார்.

அதன் பிறகு வந்தவர்கள் இதைப் பெருந்தொழிலாக்கினார்கள். ஜப்பானிய ஆடை நிறுவனமான யூனிக்லோ, நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் வெள்ளிக்கிழமை மாலை இலவச அனுமதிக்கு 2013-இல் புரவலரானது. அடுத்த ஆண்டே வார்ஹால், பாஸ்கியா, ஹேரிங் படங்களுடன் டி-ஷர்ட் வரிசையை வெளியிட்டது. 'காஸ்' என்ற பெயரில் இயங்கும் அமெரிக்கக் கலைஞர் பிரையன் டானலியின் ஒரு ஓவியம் 2019 ஏப்ரலில் ஹாங்காங் ஏலத்தில் 14.8 மில்லியன் டாலருக்கு, அதாவது சுமார் 100 கோடி ரூபாய்க்கு விற்றது. இரண்டு மாதம் கழித்து அவர் படம் போட்ட யூனிக்லோ டி-ஷர்ட் சீனாவில் 99 யுவானுக்கு வந்தபோது, கடையின் ஷட்டர் முழுவதும் ஏறுவதற்குள் கூட்டம் குனிந்து நுழைந்தது. அடிதடி நடந்தது. பொம்மைகளுக்குப் போட்டிருந்த சட்டைகளையும் உருவிக்கொண்டு ஓடினார்கள். ஆயிரம் ரூபாய்ச் சட்டைக்கு இத்தனை வெறியை ஊட்டியதில் அந்த நூறு கோடிக்குப் பெரும் பங்கு உண்டு.

சோழமண்டலத்தில் துணி உழைத்து ஓவியத்தை விடுவித்தது. இங்கே ஓவியத்தின் புகழ் உழைத்துத் துணியின் விலையை ஏற்றுகிறது. ஏறிய விலை ஓவியன் வீட்டுக்கும் உரிமம் வைத்திருப்பவருக்கும் கடைக்கும் பிரிந்து போக, துணியைப் பின்னி, சாயமேற்றி, அச்சடித்து, தைத்த ஊருக்கு வந்து சேர்வது வழக்கமான பீஸ் ரேட். திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயை எட்டியிருக்கும் காலத்திலும் இந்தப் பங்கீடு மாறவில்லை.

இதில் ஓவியன் ஏமாந்த கதைகளும் உண்டு. தமிழ்நாட்டில் எந்தச் சந்தையிலும் தொங்கும் சே குவேரா டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். அந்த முகத்தை 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் படம் பிடித்தவர் ஆல்பெர்ட்டோ கோர்டா. கறுப்பு-சிவப்பாக அதைச் சுவரொட்டி ஆக்கியவர் அயர்லாந்தின் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக். உலகில் மிக அதிகமாக அச்சான முகங்களில் ஒன்றான அதற்கு கோர்டா பல பத்தாண்டுகள் எந்தத் தொகையும் பெறவில்லை. கேட்கவும் இல்லை. 2000-இல் ஒரு மதுபான விளம்பரம் அந்தப் படத்தைப் பயன்படுத்தியபோதுதான் வழக்குப் போட்டார். சமரசத்தில் கிடைத்த 50,000 டாலரைக் கியூபாவின் மருத்துவத் துறைக்குக் கொடுத்துவிட்டார்.

நம் ஊர்ப் புகழும் பனியனில் ஏறியதுண்டு. 2020 செப்டம்பரில் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் மெட்ரோ சிரிஷும் சேர்ந்து நின்ற படம் ஒன்று இணையத்தில் பரவியது. ஒருவர் சட்டையில் 'இந்தி தெரியாது போடா'. சில நாட்களில் அது தமிழ்நாடெங்கும் முழக்கமானது. சட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களின் விரல் திருப்பூரைத்தான் தேடியது. கொரோனா ஊரடங்கில் முடங்கியிருந்த மேசைகள் சில அந்த ஆர்டரால் ஓடின. அந்த எழுத்தை இன்ன வளைவில், இன்ன தடிமனில் அமைத்தவர் யார்? முழக்கத்தின் அரசியலை எழுதியவர்கள் நிறையப் பேர். எழுத்துருவின் கலைஞரைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

உள்நாட்டுச் சந்தைக்கு டி-ஷர்ட் போடும் கம்பெனிகளில் இன்று வரைகலைஞர்கள் பலர் வேலை செய்கிறார்கள். வீரபாண்டியிலும் அனுப்பர்பாளையத்திலும் சிறு அறைகளில் கணினிமுன் உட்கார்ந்து பாரதியையும் புலியையும் மோட்டார் சைக்கிளையும் வரைகிறார்கள். அவர்களில் சிலருடைய கோடு கேலரியில் தொங்கும் தகுதி உடையது. சட்டம் அவர்களை எங்கே நிறுத்துகிறது என்று பார்த்தால் திகைப்பு வரும்.

1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஓவியத்துக்குக் கலைஞரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 1994 திருத்தத்தில் வந்த 53ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் கலைஞருக்கோ வாரிசுக்கோ அந்த விலையில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 சதவீதம், உரிமை உண்டு என்கிறது. ராமானுஜம் போன்றவர்களின் கதையைப் படிக்கிற யாருக்கும் இது நியாயமாகப் படும். ஏட்டில் இருக்கும் அந்த உரிமை நடைமுறைக்கு வந்ததே அரிது.

அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு துணிப் பக்கம் திரும்புகிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க வடிவம் ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பிரதி எடுத்துவிட்டால் அதன் பதிப்புரிமை அற்றுப்போகும். மெத்தை, நாற்காலித் துணிகளுக்கான சித்திரங்கள் தொடர்பான மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் இந்தக் கோட்டை உறுதி செய்தது. துணியில் போடுவதற்கென்றே வரைந்த சித்திரத்துக்கு வடிவமைப்புச் சட்டம்தான் இடம் என்றது. திருப்பூரில் ஒரு மேசை ஓடத் தொடங்கினால் ஐம்பது துண்டு என்பது தேநீர் இடைவேளைக்கு முன்பே கடந்துவிடும் எண்ணிக்கை.

பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய்தான். ஆனால் சந்தைக்கு வரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாரத்துக்குப் பத்துப் படம் வரைந்து, அதில் எது ஓடும் என்று யாருக்கும் தெரியாத தொழிலில் இதற்கு முன்வருகிறவர் யார்? சம்பளத்துக்கு வரைந்தால் உரிமை முதலாளியுடையது என்பது வேறு. நல்லதாக ஒரு படம் ஓடினால் மறுவாரமே காதர்பேட்டையின் மொத்தக் கடைகளில் அதன் நகல் தொங்கும். நகல் போட்டவரின் சட்டையும் இன்னொரு பட்டறையில் அடித்ததுதான். இந்த விஷயத்தில் ஏற்றுமதியாளர் சங்கமும் பனியன் உற்பத்தியாளர் அமைப்புகளும் முன்கை எடுக்கலாம். சங்கத்து அளவிலேயே ஒரு வடிவப் பதிவேடு, கழுத்துச் சீட்டில் வரைந்தவர் பெயர், ஓடிய படத்துக்கு வரைந்தவருக்குச் சிறு பங்கு. பாத்திக் விற்ற பணத்தில் பொதுவுக்கு ஒரு பகுதி என்று 40 பேர் கூடி முடிவெடுத்தது இதே மாநிலத்தில்தான். அவர்களிடம் அன்று சட்டமும் இல்லை, முதலும் இல்லை.

படம் போட்ட சட்டைக்கு ஆசைப்பட்ட உலகம் முதலில் கேட்டது நிறத்தை. அந்த நிறம் கழுவிய தண்ணீர் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவு பற்றியும், அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே 'சாயத்திரை' நாவலில் அந்த ஆற்றை எழுதிவிட்ட சுப்ரபாரதிமணியன் பற்றியும் அடுத்த இதழில்.